ஊரடங்கும் ஓவியமும்



2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு இலங்கைத் தீவு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. ஹற்றனிலிருந்து நோர்வூட்டுக்குச் செல்லும் பெருவீதி வெறிச்சோடிற்று. அவ்வீதியில் உள்ள டிக்கோயாவிலும் கடைக்கதவுகள் சாத்தப்பட்டன, பேருந்துகள் நின்றன. பாடசாலைகளோ ஒரு வாரத்துக்கு முன்னரே மூடப்பட்டிருந்தன. கொரோனா என்னும் கொடிய தொற்றினின்றும் தப்பும் வழி ஒன்றே என்று வானொலியும் தொலைக்காட்சியும் இடையறாது கூறின. வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்பதே அந்த வழி.

இவ்வறிவுரை டிக்கோயாவின் லயங்களில் எவ்வாறு ஒலித்திருக்கும்? லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்களின் தொடர். ஒரு காம்பரா ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஓர் இஸ்தோப்பு. பலவற்றில் அதையும் மறைத்து ஒரு சமையற் கட்டாகவோ, மணமான மகனுக்கு ஓர் அறையாகவோ ஆக்கியிருப்பார்கள். பாட்டன், பாட்டி, மக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அதற்குள்ளேதான். ஓர் ஆளுக்கும் மறு ஆளுக்கும் இடையே ஒரு மீற்றர் தூரம் விடுமாறு கூறப்பட்ட காலத்தில், ஒரு காம்பராவுக்கும் மறு காம்பராவுக்கும் இடையே ஒரு சுவர்தான் இருந்தது. தண்ணீர்க் குழாயும் பல குடும்பங்களுக்குப் பொது.

மேலும், தேயிலை அத்தியாவசியத் தொழிலாகக் கருதப்பட்டமையால், தோட்ட வேலைக்கு ஊரடங்கினின்றும் விலக்களிக்கப்பட்டது. ஆதலின் கொழுந்து பறிக்கும் பெண்கள் வழக்கம்போலவே படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குச் சென்றனர். 1883ஆம் ஆண்டு முதல் கொழும்பில் ஆட்கள் நேரிற் கூடி நடத்தி வந்த தேயிலை ஏலம் 2020 ஏப்ரலிற் கணினி வழிக்கு மாறிற்று. தேயிலையை வாங்குவோர் வீட்டிலிருந்தே வாங்கலாம் என்றாயிற்று. தேயிலையைப் பறிப்போர்க்கு அத்தகைய ஏற்பாடு எதனையும் எந்த விஞ்ஞானியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நோய்க்கு அஞ்சி மனிதரை ஒதுக்கி வைத்தல் இம்மக்களின் வரலாற்றிற் புதியதன்று. இவர்களுடைய பாட்டன்மாருட் பலர் இராமேசுவரத்துக்கு அண்மையில் உள்ள மண்டபம் முகாமின் வழியாக வந்தவர்கள். தமிழக மண்ணிலே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. வாந்திபேதி, அம்மை, கொள்ளைநோய் ஆகியவை உண்டோ என ஆராயும் பொருட்டு, தோட்டங்களுக்குச் செல்வோர் அங்கே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுடைய பெயர்கள் பதிவேடுகளில் எஞ்சின. அந்த நாட்களில் அவர்கள் கண்ட காட்சிகள் பெரும்பாலும் அவர்களோடே போயின.

இனி, இதே 2020ஆம் ஆண்டில் உலகின் பிற பாகங்களில் ஓவியர்கள் என்ன செய்துகொண்டிருந்தனர் என்று பார்ப்போம். ஓவியக்கூடங்கள் மூடப்பட்டன, கண்காட்சிகள் ஒத்திவைக்கப்பட்டன. வரைந்ததைக் காட்ட இடமில்லை. வந்து பார்க்க ஆளுமில்லை. ஆகவே அவர்கள் வீட்டிலிருந்தபடியே வரைந்தார்கள். வரைந்ததைக் கைத்தொலைபேசியின் வழியே ஒருவருக்கொருவர் காட்டினார்கள்.

இவர்களுள் உலகறிந்தவர் டேவிட் ஹொக்னி என்னும் ஆங்கில ஓவியர். அப்பொழுது அவருக்கு வயது 82. பிரான்சு தேசத்தில் நோர்மண்டிப் பகுதியிலுள்ள தம் பழைய வீட்டில், தோட்டமும் மரங்களும் சூழத் தங்கியிருந்தார். தூரிகையையும் வர்ணக் குழம்பையும் ஒதுக்கிவிட்டு, ஒளிரும் கணினிப் பலகை ஒன்றன்மேல் எழுதுகோலாற் சித்திரம் தீட்டினார். அப்பலகைக்குத் தன்னொளி உண்டு. எனவே விடியுமுன்னே, விளக்கேற்றாமலே வரையலாம். வர்ணம் உலரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரைந்த மறுகணமே நண்பருக்கு அனுப்பலாம். மார்ச் மாதத்தில், மஞ்சள் நிறப் பூக்கள் பூத்திருக்கும் காட்சியொன்றை அவர் வெளியிட்டார். வசந்தத்தை எவராலும் இரத்துச் செய்ய இயலாது என்பதை நினைவிற்கொள்ளுங்கள் என்னும் பொருள்பட அதற்குப் பெயருமிட்டார். அந்த ஆண்டு அவ்வாறு அவர் வரைந்த சித்திரங்களுள் 116, அடுத்த ஆண்டு இலண்டனில் உள்ள அரச கலைக்கழகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அச்சித்திரங்கள் அழகியவை. அவற்றை இகழ்வது நியாயமன்று. ஆயினும் அவை, தோட்டமும் தனிமையும் உடைய ஒருவரின் சித்திரங்கள் என்பதை மறந்துவிடவும் கூடாது. வீட்டிலிருத்தல் அவருக்கு ஓய்வு. வீட்டுக்கு வெளியே அவருக்கு வாய்த்தது ஆப்பிள் மரமும் பேரி மரமும்.

இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், 1918-1919ஆம் ஆண்டுகளில், இன்புளுவென்சாச் சுரம் உலகெங்கும் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டது. வியன்னா நகரத்தில் ஈகோன் ஷீலே என்னும் 28 வயது ஓவியர், கருவுற்றிருந்த தம் மனைவி இறந்த மூன்றாம் நாள் தாமும் இறந்தார். நோர்வே தேசத்தில் எட்வர்ட் மூங்க் என்பார் உயிர் தப்பினார்; 1919இல் ஓர் ஓவியமும் தீட்டினார். ஏறத்தாழ ஐந்தடி உயரமான திரைச்சீலை அது. பிரம்பு நாற்காலியில் மூங்க் அமர்ந்திருக்கிறார். உடம்பிலே நீண்ட அங்கி, மடியிலே போர்வை, பின்னே கலைந்து கிடக்கும் படுக்கை. முகம் வெளிறியிருக்கிறது, வாய் சற்றே திறந்திருக்கிறது, மூச்சுக்குத் தவிப்பதுபோல. ஐந்து வயதிலே தாயையும், பின்னர்த் தமக்கையையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். நோயாளியின் அறை எப்படியிருக்கும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஹொக்னியின் நூறு பூமரங்களைக் காட்டிலும் இந்தக் கலைந்த படுக்கை லயத்து மனிதருக்கு அண்மையில் இருக்கிறது என்று சொன்னாற் பிழையாகாது.

ஓவியரின் வயிற்றுப்பாட்டையும் இங்கு சொல்லியாக வேண்டும். கொழும்பிலே, ஆனந்தக் குமாரசுவாமி மாவத்தையில், ஆண்டுதோறும் ‘கலா பொல’ எனும் ஓவியச் சந்தை கூடுகிறது. 1993ஆம் ஆண்டு முதல் ஜோர்ஜ் கீற் மன்றம் அதனை நடத்தி வருகிறது. சந்தை நாளல்லாத நாட்களிலும் ஓவியர் சிலர் அவ்வீதியோரத்தில் தம் படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு, போவோர் வருவோர் முகத்தைப் பார்த்து நிற்பதுண்டு. கலைக்குத் தத்துவம் கண்ட பெரியாரின் பெயர் தாங்கிய வீதியிற் கலைஞர்கள் வெயிலில் நிற்கும் காட்சி ஒரு பாடநூலுக்குரியது. ஊரடங்கிலே போவோரும் இல்லை, வருவோரும் இல்லை. படம் விற்று அரிசி வாங்குகிறவனின் நிலை யாது?

இவ்வினா இங்கிலாந்திலும் எழுந்தது. சசெக்ஸ் பகுதியில் வாழும் மத்தியூ பரோஸ் என்னும் ஓவியர் 2020 மார்ச்சில் ஓர் எளிய ஏற்பாட்டைத் தொடங்கினார். ஓவியர் ஒருவர் தம் படைப்பை இன்ஸ்டகிராமில் இட்டு, 200 பவுணுக்கு மேற்படாத விலைக்கு விற்கலாம். அவருடைய விற்பனை 1,000 பவுணை எட்டும்போதெல்லாம், அதில் 200 பவுணைச் செலவிட்டு மற்றோர் ஓவியரின் படைப்பை வாங்குவதாக அவர் உறுதி கூறவேண்டும். சட்டமில்லை, கண்காணிப்பில்லை, சொன்ன சொல்லே பிணை. நம் ஊர்ச் சீட்டுப் பிடித்தலை அறிந்தவருக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும். இம்முறை பல நாடுகளுக்கும் பரவிற்று. எனினும் ஒரு கணக்கு. 200 பவுண் என்பது அன்றைய மாற்று விகிதத்தில் நாற்பத்தையாயிரம் ரூபாவுக்குக் குறையாது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி அப்போது 700 ரூபா. 1,000 ரூபாவானது 2021இற்றான். ஆகவே அங்கே குறைந்த விலை எனப்பட்ட தொகை, இங்கே அறுபதுக்கு மேற்பட்ட நாட்கள் முழுப் பேர் போட்டாலே கிடைக்கும் தொகையாகும்.

இதனினும் நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு வங்காளத்தில் இருக்கிறது. மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் நயா என்றொரு சிற்றூர். அவ்வூரார் பட்டுவர் என்னும் சித்திரக்காரர். சித்திரகார் என்பதே அவர்களின் குடும்பப் பெயர். சமயத்தால் இசுலாமியர், ஆயினும் இராமாயணத்தையும் மனசா தேவியின் கதையையும் நீண்ட சுருள்களிலே தீட்டி, வீடுவீடாகச் சென்று, சுருளை விரித்து ஒவ்வொரு கட்டத்தையும் விரலாற் சுட்டிப் பாடி, நெல்லும் காசும் பெற்றுவந்த மரபினர். இலையிலும் மஞ்சளிலும் விளக்குக் கரியிலும் எடுத்த சாயத்தை வில்வப் பிசினிற் குழைத்து வர்ணம் செய்வது அவர்கள் வழக்கம். 2020இல் வீடுவீடாகச் செல்வதே குற்றமென ஆயிற்று. அப்பொழுது ஸ்வர்ணா சித்திரகார் என்னும் பெண்மணி கொரோனாவின் கதையையே ஒரு சுருளாகத் தீட்டினார். அதற்குத் தாமே பாட்டும் கட்டிப் பாடினார். அந்தப் பாட்டும் படமும் ஒளிப்பதிவாகி, கைத்தொலைபேசியிலிருந்து கைத்தொலைபேசிக்குச் சென்று, அவர் கால்கள் ஒருபோதும் எட்டியிராத ஊர்களை எல்லாம் எட்டின. தெருக்கூத்தும் வில்லுப்பாட்டும் அறிந்த நமக்கு இது வியப்பன்று. நோய் வந்த வழியையும் தற்காத்துக்கொள்ளும் முறையையும் எழுத்தறியாதவரும் அந்தச் சுருளைக் கண்டு தெரிந்துகொண்டனர்.

இத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கும் டிக்கோயா நேயர் ஒருவர், மலைநாட்டையும் அக்காலத்தில் எவரேனும் வரைந்தாரா என்று வினவக்கூடும். மலைநாட்டைப் பிறர் வரைந்த படங்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. நூறாண்டுக்கு மேலாகத் தேயிலைப் பெட்டியிலும், விளம்பரத் தாளிலும், அஞ்சலட்டையிலும் மலைநாடு இடம்பெற்றே வந்திருக்கிறது. பச்சைப் பசேலென்ற சரிவு. மேலே நீல வானம். முன்னே கூடை சுமந்த ஒரு பெண். அவள் எப்போதும் புன்னகை புரிகிறாள். அவளுக்குக் காலிலே அட்டை கடிப்பதில்லை. அவள் நிற்கும் மலையில் மழையும் பெய்வதில்லை. மாலையில் நிறுவை முடிந்து அவள் எங்கே போகிறாள் என்பதை அந்தப் படங்கள் காட்டியதில்லை. லயத்தின் உட்புறம் எந்தத் தேயிலைப் பெட்டியிலும் அச்சிடப்பட்டதில்லை.

உலகத்து ஓவியரெல்லாம் தத்தம் வீட்டின் உட்புறத்தைத் திரும்பிப் பார்த்தமைதான் 2020இன் ஓவியங்களிற் காணும் புதுமை. சன்னல், மேசை, கட்டில், அடுப்பங்கரை என்று நாள்தோறும் கண்டும் காணாதிருந்த பொருள்களெல்லாம் சித்திரத்துக்கு உரியவையாயின. அவ்வாறெனின் லயத்துக் காம்பராவும் சித்திரத்துக்கு உரியதே. அதனை வரைவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியதில்லை. வந்தாலும், கூடையும் புன்னகையுமே அவர் கண்ணிற் படும்.

இவ்வுண்மையை நோய்க்காலத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே கண்டுகொண்டவர் ஹற்றன் பிரதேசத்தைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியக் கலை பயின்றவர். இவர் தோட்டத்து வாழ்வை வரைவதற்குக் கையாண்ட பொருள்களுள் தேயிலைச் சாயமும், ஊறி ஓய்ந்த தேயிலைப் பைகளும் உண்டு. மலையகத்திலே பாலில்லாத வெறும் தேநீரைச் ‘சாயத் தண்ணீர்’ என்பர். பால் வாங்க வழியற்ற வீட்டின் சொல் அது. துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் நிறத்துக்கும் தமிழிற் சாயம் என்றுதானே பெயர்! பெட்டியின் மேலே அச்சடித்த பச்சை நிறத்தை விட்டு, பெட்டிக்குள்ளே இருக்கும் இலையின் கபில நிறத்தாலே அந்த வாழ்வை எழுதத் துணிந்தமையை ஓர் உபாயம் என்று மட்டும் கொள்ளலாகாது. நயா ஊரார் இலைச்சாற்றையும் கரியையும் நாடியதும், ஹற்றன் பெண் தேயிலைக் கறையை நாடியதும் ஒரே அறிவின் பாற்பட்டவை. கைக்கு எட்டிய பொருளே கதையையும் சொல்கிறது.

ஹனுஷா பயின்ற அதே பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிப்பவர் ஓவியர் தா. சனாதனன். 2011இல் அவருடைய நூலொன்று வெளியாயிற்று. முற்றுப்பெறாத தோம்பு என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு என்பதைப் பழைய உறுதிகளைப் புரட்டியவர் அறிவர். போரினால் வீடிழந்த தமிழ்பேசும் மக்களை அணுகி, இழந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரைந்து தருமாறு அவர் கேட்டார். முற்றம் இங்கே, கிணறு அங்கே, சாமியறை இது என்று அவர்கள் கோடிட்டுக் காட்டினர். அக்கோடுகளோடு கட்டடக் கலைஞரின் வரைபடத்தையும் தம் சித்திரத்தையும் சேர்த்து அவர் நூலாக்கினார். உறுதி எரிந்தவர்களுக்கும் தொலைந்தவர்களுக்கும் அந்தச் சித்திரங்களே உறுதியாக அமைந்தன எனலாம்.

லயத்தில் வாழ்வோருக்கு உறுதி தொலைந்ததன்று. பெரும்பாலோருக்கு அது என்றுமே இருந்ததில்லை. நான்கு, ஐந்து தலைமுறையாகக் குடியிருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். இவர்களுடைய முன்னோர் இத்தீவுக்கு வரத் தொடங்கி 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். காணியும் தனி வீடும் வேண்டும் என்ற குரலே அவ்வாண்டும் மேலோங்கி நின்றது. எந்தத் தோம்பிலும் இடம்பெறாத வீட்டை ஒரு தாளிலாவது பதிந்து வைக்க வேண்டியவர் யார்?

இங்கேதான் பாடசாலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மலையகத்து மாணவன் ஒருவனிடம் ஒரு தாளையும் வர்ணப் பெட்டியையும் கொடுத்து, விரும்பியதை வரை என்று சொன்னால், பெரும்பாலும் என்ன வரைகிறான்? முக்கோணமாக இரண்டு மலைகள். நடுவே உதிக்கும் சூரியன். கீழே ஓர் ஆறு. கரையிலே ஓலைக் குடிசை. அதனருகே ஒரு தென்னைமரம். டிக்கோயாவில் தென்னை வளராது. கடல் மட்டத்துக்கு மேலே நாலாயிரம் அடி உயரத்தில் அதற்குக் குளிர் ஆகாது. ஓலைக் குடிசையும் அங்கில்லை. சூரியனோ பல நாட்களில் பத்து மணிவரை முகம் காட்டுவதில்லை. ஆயினும் அவன் கை அதைத்தான் வரைகிறது. அது பாடநூற் படத்திலிருந்து அண்ணனின் கொப்பிக்கும், அண்ணனின் கொப்பியிலிருந்து அவன் கைக்கும் வந்த காட்சி. தன் லயம் படத்துக்கு உரியது என்று எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரமும் ஒரு பாடமாக உண்டு. ஆனால் அதற்கென ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் இன்றும் உள்ளன. சித்திர பாடவேளை கணித மீட்டலுக்கு எடுத்துக்கொள்ளப்படுவதையும் நாம் அறியாதவரல்லோம். இதிற் குற்றவாளியைத் தேடினால் அதிபர்களின் நாற்காலியும் அகப்படும்.

2020இல் பாடசாலை மூடியிருந்த மாதங்களில் ஆசிரியர்கள் பாடங்களைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பினர். ஒரு வீட்டில் ஒரே தொலைபேசி. அதுவும் தந்தையின் கையில், அல்லது கொழும்பிலே வேலை செய்யும் தமையனின் கையில். அலைத்தொடர்பு கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறிய பிள்ளைகள் பலர். அந்த ஒரு தொலைபேசியின் வழியே கணித வினாத்தாள் வந்தது. விஞ்ஞானக் குறிப்பு வந்தது. உன் காம்பராவை ஒரு தாளில் வரைந்து அனுப்பு என்ற ஒரு பயிற்சியும் வந்திருக்கலாம். அதற்கு விடையெழுதப் பாடநூல் வேண்டியிருந்திராது. பிள்ளை அமர்ந்திருந்த இடத்திலேயே விடை இருந்தது.

அந்தப் பயிற்சிக்குக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. வர்ணப் பெட்டி வாங்க வேண்டுமே என்று தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. தேத்தூளை நன்கு கொதிக்க வைத்துச் சுண்டவிட்டால் கபில நிறம். முதல் ஊறலைத் தடவினால் வெளிர்ப்பு, உலர்ந்தபின் மீண்டும் மீண்டும் தடவினாற் கடுமை. அடுப்புக் கரியைப் பொடித்தாற் கறுப்பு. மஞ்சளும் வீட்டிலே உண்டு. தாள் ஈரத்தில் நெளியாதிருக்கத் தடித்த அட்டை நல்லது. பழைய கொப்பியின் மட்டையும், வீட்டுக்கு வந்த திருமண அழைப்பிதழின் பின்புறமும் அதற்குப் போதும். தூரிகைக்கு ஒரு குச்சியின் நுனியை மென்று பிரித்தால் முடிந்தது.

அப்பிள்ளை முதலில் எதை வரையும்? கூரைத் தகரமும், அது பறந்துவிடாதிருக்க அதன்மேல் ஏற்றி வைத்த கற்களுமாக இருக்கலாம். கொடியிலே உலரும் படங்கு, மூலையிலே சாய்த்த கூடை, சுவரிலே மாரியம்மன் படம், அதன் பக்கத்திலே பழைய நாட்காட்டி என இவையும் கண்முன்னே உண்டு. இஸ்தோப்பிலே ஒரு கிழவி அமர்ந்திருப்பாள். முகக்கவசம் நாடிக்குக் கீழே தொங்க, கையிலே சாயத் தண்ணீர்க் கோப்பையுடன், மலையிலிருந்து மகள் திரும்பும் ஒற்றையடிப் பாதையையே அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.